கோலப்பனின் வெப்சைட் பட்ஜெட்

வீடு கட்ட இடம் வாங்குமுன் புதுமனைப் பால்காய்ப்புக்கு எந்தப் பாயசம் என்று முடிவு செய்துவிடும் ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. பார்த்திருப்பீர்கள். மார்த்தாண்டத்தில் தேன் கடை வைத்திருக்கும் கோலப்பன் அதில் கலப்படமில்லாத ரகம்.

2009-இல் ஷார்ஜா சூப்பர் மார்க்கெட் ஒன்றுக்குச் சரக்கு எடுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்காரர் ஒருவர், ஊருக்கு வந்த இடத்தில் கோலப்பனின் தேனை ருசி பார்த்தார். திரும்பிப் போனதும் போன் செய்தார். "முதலாளிக்குக் காட்ட வெப்சைட் வேணும் அண்ணாச்சி. ஓணத்துக்கு முன்ன போட்டிருங்கோ, ஆர்டர் உறுதி."

மறுநாளே பட்ஜெட் கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் கோலப்பன், மனைவி சபிதா, பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஷிஜி.

"என்ன சாதனம் விக்கிறீங்கோ, என்ன விலை, எந்த நம்பர்ல கூப்பிடணும். இதைச் சொல்லுங்கோ, ஒரு வாரத்துல முடிச்சிரலாம்" என்றாள் ஷிஜி.

"அது பொறவு பாப்போம் மக்கா. மொதல்ல பூமி சுத்தணும்."

"எந்தப் பூமி?"

"தொறந்த உடனே உலக உருண்டை சுத்திட்டு வரும். அதுல ஒரு தேனீ வந்து இருக்கும். நாதஸ்வரம் கேக்கும். பொறவு எனக்க போட்டோ."

உருண்டைக்கு ஒரு தொகை, நாதஸ்வரத்துக்கு ஒன்று, ஸ்டுடியோவில் இரவல் கோட்டு மாட்டி எடுக்கும் படத்துக்கு ஒன்று, அரபு மொழிபெயர்ப்புக்கு ஒன்று, திறப்பு விழாவுக்குப் பந்தல், நோட்டீஸ், பொன்னாடை, வருகிற பிரமுகர் மவுஸை அழுத்துவதற்கென்று வெல்வெட் விரித்த மேஜை என்று பட்ஜெட் பெருகிக்கொண்டே போனது. தேனைப் படம் எடுக்க மட்டும் பணம் மிஞ்சவில்லை.

"தேனு எப்படி இருக்கும்னு எல்லாவனுக்கும் தெரியும்லா" என்றார் கோலப்பன்.

ஓணம் நெருங்கியது. தேனீயின் இறக்கைக்கு என்ன நிறம் என்பதில் கோலப்பன் தீவிரமாக இருந்தபோது ஷார்ஜாவிலிருந்து மறுபடி போன் வந்தது. "வேற ஒருத்தன் வெப்சைட்டு காட்டிட்டான் அண்ணாச்சி. நாளைக்குள்ள உங்களுக்க வெப்சைட்டு வரலன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

கோலப்பன் போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்போதும் அவர் வாயில் வந்தது, "நோட்டீஸ் அடிச்சாச்சே" என்பதுதான்.

சபிதா ஷிஜியைக் கூப்பிட்டாள். ஜன்னல் வெயிலில் ஒரு தேன் பாட்டிலை வைத்துப் படம் எடுக்கச் சொன்னாள். கீழே விலை. அதற்கும் கீழே போன் நம்பர். சாயங்காலத்துக்குள் வெப்சைட் ஏறிவிட்டது.

கோலப்பன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "உருண்டை எங்க?"

"ஷார்ஜாக்காரன் உருண்டையையா திங்கப்போறான்? சும்ம இரிங்கோ" என்றாள் சபிதா.

அடுத்த நாள் மதியம் ஆர்டர் வந்தது. வருகிற வருஷத்துக்கும் சேர்த்து. கோலப்பனுக்கு ஒரு கண்ணில் ஆனந்தம். கோட்டுப் படம் வராத துக்கம் மறு கண்ணில். துக்கம் சீக்கிரமே ஆறியது. அந்த வார முடிவில் பாத்திரக்கடைக்காரரை நிறுத்தி வைத்து அவர் உபதேசம் செய்ததைச் சந்தையே கேட்டது.

"வெப்சைட்டுன்னா சும்மாயில்ல, பிளானிங் வேணும் கேட்டியா. நான் போட்ட பிளானுக்குத்தான் ஷார்ஜாவே விழுந்தது."

சபிதா அப்போது கடைக்குள் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். நாளை முதல் நடக்கப் போகிறேன் என்று விலையுயர்ந்த ஷூ வாங்கி, அதை இன்னும் பெட்டியிலிருந்தே எடுக்காதவர்கள் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சிரிக்கவும்.