ஏரம்பு மறித்த புயல்

"ஊரே புயலுக்குப் பயந்து ஓடுது. உங்களுக்குச் சோறு கேக்குதோ, தம்பி?" என்று கேட்டுவிட்டுப் பூமணி, எரிந்துகொண்டிருந்த அடுப்பில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினாள்.

சொய்யென்று எழுந்த புகைக்கு முன்னால் வெறும் சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தவர் ஏரம்பு, மன்னார்த் தபால் கந்தோரின் தந்திக் கிளாக்கர். பருத்தித்துறையிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. பூமணி வீட்டில்தான் அறையும் சாப்பாடும். இந்த மூன்று வருடத்தில் தன்னோடு சமமாக நின்று கதைக்கத் தகுந்த ஒரு மனிதரையாவது அவர் மன்னாரில் கண்டதில்லை. நிறையக் கழுதைகளைக் கண்டிருந்தார். மனிதர்களையும் அதே வரிசையில் சேர்த்துவிட்டார்.

அதற்கு முதல் நாள், திங்கட்கிழமை காலை, மன்னாரை ஆளும் ஏஜண்டுத் துரையின் உத்தரவுப்படி ஊரில் பறை அறைந்தார்கள். பெரும்புயல் வருகிறது, கரையோரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் கோட்டைக்குள் போய்விட வேண்டும் என்று உத்தரவு. அதில் கையெழுத்திட்ட மை காய்வதற்குள் துரையவர்கள் கடலைவிட்டுப் பன்னிரண்டு மைல் உள்ளே, கட்டுக்கரைக் குளத்துப் பக்கம், சுற்றுப்பிரயாணம் புறப்பட்டுவிட்டார். வேட்டைத் துவக்கும் இரண்டு நாய்களும் கூடப் போயின. பிரயாணத்தின் நோக்கம் என்னவென்று குளத்துத் தாராக்களுக்கு மட்டும் விளங்கியிருக்கும்.

பூமணி அரிசியையும் மிளகாய்த்தூளையும் கடகத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, புயல் வராது. அடுப்பை மூட்டுங்கோ."

"வராதெண்டு ஆர் சொன்னது?"

சொன்னது தந்தி. அன்று காலை பதினொரு மணிக்கு, கொழும்பிலிருந்து முருங்கன் கந்தோர் வழியாக, மெசின் தட்டியது. புயல் வலுவிழக்கிறது, மன்னாருக்கு வராது என்று தன் கையாலேயே எழுதி, உறையிலிட்டு, துரையின் கந்தோரான கச்சேரியில் அவருடைய மேசையில் வைத்துவிட்டுத்தான் ஏரம்பு சாப்பிட வந்திருந்தார். துரை வந்து உறையைக் கிழிக்கும்வரை அது இராச இரகசியம். தந்தியில் வந்ததை வெளியே விட்ட கிளாக்கருக்கு உத்தியோகமும் இல்லை, பென்சனும் இல்லை. ஊர்ச்சனம் குழந்தை குட்டிகளோடு அல்லற்படுகிறதே என்பதற்காக அந்த விதியை மீறுகிற ஆள் அல்ல ஏரம்பு. சோறு என்றால் கொஞ்சம் யோசிப்பார்.

"நான் சொல்லுறன், வராது."

"நீங்கள் என்ன, கடலை ஆளுற விதானையாரோ?"

அந்தக் கேள்வியில் இருந்த இளக்காரம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"அதை நான் மறிச்சுப்போட்டன்," என்றார் ஏரம்பு. "போதுமோ? இனி உலையை வையுங்கோ."

பூமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சாம்பலைக் கிண்டி அடுப்பை மூட்டினாள்.

பின்னேரம் காற்று விழுந்துவிட்டது. கோட்டைக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த சனம், நனைந்த பாய்களைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பியது. பூமணி அயலில் நாலு வீட்டுக்குத்தான் விஷயத்தைச் சொன்னாள். மிச்ச வீடுகளுக்கு அந்த நாலு வீட்டாரும் சொன்னார்கள்.

மறுநாள் விடிந்ததும் கலந்தர் சம்மாட்டி வாசலில் நின்றார். பதினாலு வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். கையில் முழு நீள அறுக்குளா மீன் ஒன்று தொங்கியது.

"அல்லா உங்கட நாக்கில ஒரு பலிதத்தை வைச்சிருக்கிறான், கிளாக்கர்."

"சேச்சே, அப்பிடியெல்லாம் ஒண்டுமில்லை," என்றார் ஏரம்பு, நிறைய இருக்கிறது என்று அர்த்தப்படும் குரலில்.

"எங்கட வள்ளமெல்லாம் கரையில கிடக்குது. இண்டைக்குத் தள்ளலாமோ?"

தனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஏரம்புவுக்கு அந்தச் சொல் பழக்கமில்லை.

"தாராளமாத் தள்ளுங்கோ. கடல் இப்ப குளம் மாதிரி."

பொரித்த மீனோடு காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கந்தோருக்குப் போய்க் கதிரையில் சாய்ந்தபோது மெசின் தட்டத் தொடங்கியது. எழுத எழுத அவருக்கு வியர்த்தது. புயல் வலுவிழந்தாலும் கரையோரத்தில் பேரலை எழும், இரண்டு நாளைக்கு ஒரு வள்ளமும் கடலில் இறங்கக் கூடாது.

ஏரம்பு குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உத்தியோகத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் ஓடியதில்லை. சப்பாத்து மணலில் புதைந்தது; ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்.

"தள்ளாதேங்கோ! நில்லுங்கோ! தள்ளாதேங்கோ!"

முதல் வள்ளம் அரைவாசி தண்ணீரில் நின்றது. கலந்தர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதானே தள்ளச் சொன்னீங்க?"

"அது காலமை சொன்னது. இப்ப வேண்டாம் எண்டு சொல்லுறன்."

"ஏன்?"

ஏரம்பு மூச்சு வாங்கினார். ஏன் என்பதுதான் இராச இரகசியம்.

"கடல் என்னோடை கோவமாயிருக்கு," என்றார்.

வள்ளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒற்றைச் சப்பாத்தோடு நின்று இப்படிச் சொல்பவரை நம்புவதா, மரத்தில் கட்டுவதா என்று அவர்கள் தீர்மானிப்பதற்குள் வீட்டுயரத்துக்கு ஓர் அலை வந்து, அரைவாசி இறக்கிய வள்ளத்தைத் தூக்கிக் கரையில் அடித்து இரண்டாகப் பிளந்தது.

அதன் பிறகு யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஏரம்பு தெருவில் போனால் ஆட்கள் எழுந்து நின்றார்கள். தனக்கு இது மூன்று வருடத்துக்கு முன்னமே கிடைத்திருக்க வேண்டிய மரியாதை என்றுதான் அவர் நினைத்தார். விட்டுவிட்டு வந்த சப்பாத்தை ஒருவன் கழுவி, துடைத்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தான்.

வியாழக்கிழமை முசலிப் பக்கமிருந்து பத்து மாட்டு வண்டிகள் வந்தன. தபால் கந்தோர் வாசலில் வண்டிகளை அவிழ்த்துவிட்டு முப்பது கமக்காரர்கள் விறாந்தையில் ஏறிக் குந்தினார்கள். முன்னால் நின்றவர் செல்வநாயகம், நூறு ஏக்கர் வயல்காரர்.

"புயலை மறிச்ச கிளாக்கர் நீங்கள்தானோ?"

ஏரம்பு அடக்கமாகச் சிரித்தார். "ஏதோ என்னால ஏண்டது."

"எங்கட குளத்தில வெடிப்புக்குள்ளை ஓணான் ஓடுது. விதைச்ச நெல்லு கருகுது. அந்தப் புயல் வந்தாத்தான் எங்களுக்கு மழை. அதை மறிக்க நீங்கள் ஆர்?"

ஏரம்புவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"நான் மறிக்கேல்லை! சும்மா ஒரு கதைக்குச் சொன்னது!"

"ஓகோ!" மீன் கடையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த கலந்தர் சம்மாட்டி விறாந்தைக்கு வந்தார். "அப்ப என்ர அறுக்குளாவைத் திண்டதும் சும்மா ஒரு கதைக்கோ?"

"இல்லை, மறிச்சனான்தான். ஆனால்..."

"மறிச்சவர் திறந்தும் விடவேணும்," என்றார் செல்வநாயகம். "மழை வருமட்டும் நாங்கள் இஞ்சையிருந்து எழும்பமாட்டம்."

அவர்கள் எழும்பவில்லை. முத்திரை வாங்க வந்தவர்கள் முப்பது பேரின் முழங்கால்களைத் தாண்டி வந்தார்கள். ஒரு மாடு தபால்பெட்டியை நக்கிக்கொண்டு நின்றது. ஏரம்பு கதவைச் சாத்திவிட்டு மெசினுக்கு முன்னால் உட்கார்ந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் மூன்று மணிக்கு அது தட்டியது. வலுவிழந்த புயலின் மிச்சம் தரைக்கு வருகிறது. மன்னாரிலும் முசலியிலும் நாளை கடும் மழை. கரையோரத் தாழ்நிலங்களில் வெள்ளம் ஏறும்.

கடைசி வசனத்தை அவர் எழுதினார், ஆனால் வாசிக்கவில்லை. கதவைத் திறந்து, விறாந்தை நடுவில் நின்று, வலது கையை உயர்த்தினார்.

"நாளைக்கு மழை! போய் வரம்பைக் கட்டுங்கோ!"

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை கொட்டத் தொடங்கியது. மன்னாரில் அப்படியொரு மழையைக் கண்டவர்கள் அதிகம் பேர் இல்லை. செல்வநாயகம் ஒரு வண்டி நிறையப் பூசணிக்காய் அனுப்பினார். பூமணி அவற்றை அடுக்க இடமில்லாமல் ஏரம்புவின் கட்டிலுக்குக் கீழே உருட்டிவிட்டாள். மத்தியானமளவில் பூசணிக்காய்கள் கட்டிலுக்குக் கீழேயிருந்து தாமாகவே மிதந்து வெளியே வந்தன.

கலந்தர் சம்மாட்டி இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். இந்தமுறை கையில் மீன் இல்லை.

"ரெண்டு மாசமாக் காயவைச்ச கருவாடு முழுக்கக் கடலுக்குப் போயிட்டுது, கிளாக்கர்! என்ர மகள் நசீறா பிள்ளையோட பள்ளிவாசல் படியில குந்தியிருக்கிறா. கமக்காரர் கேட்டதுக்காக எங்களைத் தாட்டுப்போட்டீங்களே!"

"நான் மழை வருமெண்டு மட்டும்தானே சொன்னனான்?"

"நீங்க சொன்னா நடக்குமெண்டு தெரியும்தானே? பேந்து ஏன் வாயைத் திறந்தனீங்க?"

சனிக்கிழமை காலை கமக்காரர்களும் திரும்பி வந்தார்கள். குளம் நிரம்பி அணைக்கட்டை உடைத்துவிட்டதாம். கருகிக் கிடந்த நெல் இப்போது அழுகிக் கிடக்கிறதாம். போதும், மழையை மறிக்கட்டாம். கடற்கரைச் சனமும் அதையே கேட்டது. இரண்டு பகுதியாரும் ஒரு காரியத்தில் ஒற்றுமைப்பட்டதை மன்னார் அன்றைக்குத்தான் கண்டது.

"மறியுங்கோ!"

ஏரம்பு மெசினைப் பார்த்தார். அது பேசவில்லை. தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், கடைசியில் கும்பிட்டும் பார்த்தார். நின்றுவிடும் என்று சொல்லி நிற்காவிட்டால் அடிப்பார்கள். நிற்காது என்று சொன்னால் இப்போதே அடிப்பார்கள். வெளியே யாரோ கல் பொறுக்கும் சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில்தான் சுற்றுப்பிரயாணம் முடிந்து ஏஜண்டுத் துரை வந்து சேர்ந்தார். கச்சேரி மேசையில் பிரிக்கப்படாமல் கிடந்த மூன்று தந்திகளும் கையில் இருந்தன. தமிழ்ப் பரீட்சையில் தேறியவர் என்பதால் அவருடைய தமிழ் யாருக்கும் எளிதில் விளங்காது.

"இஃதென்ன கலகம்?"

எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இந்தக் கிளாக்கர் புயலை மறித்தார், அலையை எழுப்பினார், மழையைத் திறந்துவிட்டார், இப்போது மூட மறுக்கிறார்.

"நீர் மந்திரவாதியோ?" என்று துரை கேட்டார்.

ஏரம்பு ஒருபக்கம் துரையைப் பார்த்தார். மறுபக்கம் கல்லோடு நின்றவர்களைப் பார்த்தார். பதினைந்து வருட உத்தியோகம் கண்முன்னே வந்து போனது. துரையின் காலடியில் விழுந்தார்.

"இல்லை, துரை! எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது! எல்லாம் தந்தியில வந்தது! உங்களுக்கு வந்த தந்தியை வாசிச்சுப்போட்டு நான் சொன்னதுபோலச் சொல்லிப்போட்டன்!"

கலந்தர் சம்மாட்டி கையிலிருந்த கல்லைக் கீழே போட்டார்.

"தூ! வாசிச்சுத்தான் சொன்னீரோ? அந்த அறுக்குளாவை நான் ஒரு தபால்காரருக்கோ குடுத்தன்?"

"என்ர பூசணிக்காயளைத் திருப்பி ஏத்தி அனுப்பும்," என்றார் செல்வநாயகம். அதுவரை நீங்கள் என்று மரியாதையாகக் கதைத்துக்கொண்டிருந்த மன்னார், ஒரே மூச்சில் நீர் என்பதற்கு இறங்கிவிட்டது. அடிக்கக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. அடிக்கத் தகுந்த ஆள் அவர் என்று நினைத்ததே பிழை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

துரை மூன்று உறைகளையும் கிழித்து வாசித்தார். ஏரம்பு ஊருக்குச் சொன்னது எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது. அதைவிடச் சாட்சி வேண்டுமோ?

"இராச இரகசியத்தை வெளிப்படுத்தினீர். இக்கணமே உத்தியோகத்தினின்றும் நீக்கப்பட்டீர்," என்று சொல்லி, அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஏரம்பு அந்தக் கடுதாசியை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

சனம் கலையத் தொடங்கியபோது, இடுப்புவரை சேறு அப்பியபடி, தோளில் கம்பிச் சுருளோடு ஒரு மனிதர் படியேறி வந்தார். தந்திக் கம்பி திருத்துகிற வஸீர். வேலை முடிந்ததற்குக் கிளாக்கரிடம் கையெழுத்து வேண்டுமென்று ஒரு தாளை நீட்டினார்.

"இவர் இனிமேல் கிளாக்கர் அல்லர்," என்றார் துரை. "இத்தந்திகளை வெளிப்படுத்தியபடியால் நீக்கிவிட்டோம்."

வஸீர் துரையின் கையிலிருந்த தாள்களை எட்டிப் பார்த்தார்.

"எந்தத் தந்தி, துரை? திங்கட்கிழமை பின்னேரம் முருங்கனுக்கு அங்கால மடுக்காட்டில யானை சாய்ச்ச கம்பத்தை இப்பதான் நட்டுப்போட்டு வாறன்; கொழும்பிலயிருந்து இந்த ஆறு நாளா ஒண்டும் வரேல்லை, முருங்கனுக்குப் புதுசா வந்த கிளாக்கர் கைபழகவெண்டு இவருக்குத் தட்டினதெல்லாம் பத்து வருசத்துக்கு முந்தின புயல்."