இரங்கலுக்கு அடுத்த பொருள்

இயேசு மரி சூசை துணை

வடக்குப்பட்டு,
14-8-1964

கோட்டையில் உத்தியோகம் பார்க்கும் அன்புள்ள மைத்துனர் மரியஜோசப்புக்கு, உங்கள் அக்காள் புருஷன் ஏசுதாஸ் ஆசீர்வதித்து எழுதுவது. அங்கே அனைவரும் சுகமாயிருக்கத் தேவமாதாவை வேண்டுகிறேன். இங்கே சுகம் என்று எழுதவேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது, மன்னிக்கவும்.

நீங்கள் அலைந்து திரிந்து என்னைச் சேர்த்துவிட்டீர்களே தாலுகா சுகாதார ஆலோசனைக் குழு, அதிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். போன வருஷம் என் மகள் சகாயமேரியின் தலைச்சன் குழந்தை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மாட்டுவண்டியிலேயே உயிர்விட்டபோது, ஊருக்கு ஒரு நர்ஸம்மா வந்தால் போதும் என்றுதானே உள்ளே நுழைந்தேன்? அங்கே பார்த்தால் எல்லாரும் என்னைவிடக் கிழவர்கள், மாதாமாதம் யாராவது ஒருவர் காலமாகியிருப்பார், எழுந்து நிற்போம், இரங்கல் தீர்மானம் போடுவோம், மரியாதைக்காகக் கூட்டத்தை ஒத்திவைப்போம், போண்டா தின்றுவிட்டு வீட்டுக்குப் போவோம். செத்தவர் இடத்துக்கு அவரைவிட வயதானவரைத் தேடிப் போட உங்கள் கோட்டைக்காரர்களுக்குத்தான் தெரியும். இரங்கலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாமே என்றேன். தலைவர் முனிரத்தினம் ஐயா, "இன்னா வாத்தியாரே, மன்சன் போய்ட்டான், ஒரு மர்யாதி வாணாமா?" என்று கோபித்துக்கொண்டார்.

இதற்குள் சகாயமேரி மறுபடி உண்டானாள். நான் என்ன செய்வேன், உறுப்பினர்களைச் சாகவிடாமல் காப்பாற்றக் கிளம்பினேன். மண்ணூர் நரசிம்மனுக்கு மூச்சிரைப்பு, அவருக்குத் தூதுவளை ரசம்; தலைவருக்குச் சர்க்கரை, அவர் கையிலிருந்த லட்டைப் பிடுங்கிப் பொல்லாப்பு வாங்கிக்கொண்டேன். "பெத்த பொண்ண வுட்டுட்டு ஊர்க் கெயவனுங்களுக்கு ரசம் காய்ச்சிகினு கீறீங்களே" என்று உங்கள் அக்காள் திட்டினாள். ஆனால் போன செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு ஒருவரும் சாகவில்லை, மச்சான். இரங்கல் இல்லை, முதல் பொருளே எங்கள் நர்ஸம்மா. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க வாயெடுத்தார், வாசலில் வண்டிக்கார மாரி நிற்கிறான். "வாத்தியாரே, பொண்ண ஆஸ்பத்திரில சேத்துட்டோம், அது பொயச்சிக்கும். கொயந்ததான் வழிலயே..." என்றான்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். உறுப்பினர் ஏசுதாஸின் பேரக் குழந்தை மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல், மரியாதை நிமித்தம் கூட்டம் ஒத்திவைப்பு என்று தீர்மானம் ஆயிற்று. "ஐயா, நர்ஸம்மா சங்கதிய மட்டும் எழுதிட்டு மூடுங்க" என்று கத்தினேன். துக்கத்தில் எனக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதார். நல்ல மனுஷன்தான். அவரை என்னவென்று திட்டுவேன்? பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேரனைக் கையில் வாங்கினேன். தலை நிறைய முடி இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை, மச்சான்.

நேற்றுச் சகாயமேரியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். இனி அந்தத் தாலுகா ஆபீஸ் படி ஏறமாட்டேன், இது சத்தியம். உங்கள் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், அவர்கள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஏசுதாஸ்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் எதிர்வீட்டுக் கிளியம்மாள் வந்து சகாயமேரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். என் பெயரை எடுக்கவேண்டாம். தலைவருக்கு இருமல் என்று கேள்வி, சாயங்காலம் போய்ப் பார்க்கவேண்டும். அடுப்பில் ரசம் கொதிக்கிறது. உங்கள் அக்காள்தான் வைத்திருக்கிறாள்.