பலாப்பழ வாசனைக்கான சிறப்புக் கூட்டம்

மலைக் காபி விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர், சண்டை போடுவதற்கென்றே ஒரு சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டினார். எல்லாம் விதிப்படிதான்.

போன அறுவடையில், தோல் உரித்த கொட்டைகளைத் தொட்டியில் ஊறப்போட்ட அன்று, யார் அலசுவது என்று கூட்டத்தில் வாய்த்தகராறு. உறுப்பினர்கள் கத்திக்கொண்டிருக்க, கொட்டை பாட்டுக்கு அலசும் நேரம் தாண்டிப் புளித்துப்போனது. குப்பையில் கொட்ட வேண்டிய சரக்கைச் செயலாளர் கூச்சமில்லாமல் காயவைத்து விற்றார். வறுத்துக் குடித்துப் பார்த்த நகரத்துச் சுவை நிபுணர் கண்ணை மூடி, "பலாப்பழம்! பின்னாடியே லேசா பழைய மரப்பெட்டி!" என்று உருகி, உச்ச விலைக்கு வாங்கிப்போனார். இந்த வருஷமும் அதே சுவை வேண்டுமாம். இல்லாவிட்டால் வேறு மலைக்குப் போய்விடுவாராம். அப்புறம் மொத்த விளைச்சலும் மூட்டை வியாபாரி வைத்த விலைக்குத்தான். "அதே சுவைதானே, தந்துட்டா போச்சு" என்று வாக்குக் கொடுத்திருந்த செயலாளர், அதே சண்டையை மறுபடி மூட்டிவிட நாள் குறித்தார்.

தொட்டி நிரப்பப்பட்டது. கூட்டம் தொடங்கியது. சங்கத் தலைவர், செயலாளரின் சொந்த மச்சான்.

"பொருள் ஒன்று: அலசுவது யார்? உறுப்பினர்கள் தங்கள் மேலான எதிர்ப்பைத் தெரிவிக்கலாம்," என்று வாசித்தார் செயலாளர்.

"நானே அலசிடறேன் மாப்ளே," என்றார் தலைவர்.

"என்ன மச்சான்! போன வருஷம் என் சட்டையைப் பிடிச்சீங்களே!"

"அப்ப கோவம் வந்துச்சு. இப்ப சங்கத்து நன்மைக்காகத் திட்டுன்னா வாய் வரமாட்டேங்குதே."

செயலாளர் வேலித் தகராறைக் கிளறினார், வாய்க்கால் தகராறைக் கிளறினார். எல்லாரும் சிரித்தார்கள். செயலாளரின் முயற்சியைப் பாராட்டி ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கொட்டையும் உரிய நேரத்தில் அலசப்பட்டுவிட்டது.

காய்ந்த சரக்கை நிபுணர் வந்து ருசி பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "சுத்தமா இருக்கு. ஆனா வெறும் காபி மாதிரி இருக்கே!"

பையைத் தூக்கிவிட்டார்.

"எல்லாம் உங்களாலதான் மச்சான்! உங்களை யார் அலசச் சொன்னது?"

"மரியாதையா பேசு! கூட்டத்தைப் போட்டவன் நீ!"

வேலி வந்தது, வாய்க்கால் வந்தது, கல்யாண வீட்டில் போடாத நாற்காலிகூட வந்தது. நிபுணரை இறக்கிவிட வேண்டிய ஜீப் ஓட்டுநரும் உறுப்பினர்தான். அவரும் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டார். நிபுணர் சங்க அறையிலேயே தங்க நேர்ந்தது. கடைசிப் பறிப்பின் கொட்டை தொட்டியில் கிடந்தது. அலச ஒருவருக்கும் ஞாபகமில்லை.

மறுநாள் பல் துலக்கப் போன நிபுணர், தொட்டியருகே மூக்கை உறிஞ்சினார். "இதான்! இதேதான்! எப்படிங்க செய்றீங்க?"

பொத்தான் போன சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு செயலாளர் சொன்னார்: "ஒற்றுமைங்க ஐயா."

நிபுணர் அதையே அச்சடித்துவிட்டார். 'ஒற்றுமையில் விளைந்தது' என்ற பொட்டலம் தபாலில் வந்தபோது செயலாளருக்குக் கண் கலங்கியது. அவரே நம்பிவிட்டார்.

"நல்ல வாசகம். நான் சொன்னது," என்றார் தலைவர்.

"நீங்களா? நான் சொன்னது மச்சான்!"

அடுத்த அறுவடையின் முதல் கொட்டை அன்றுதான் தொட்டியில் விழுந்திருந்தது.