மூக்குக்காரரும் மூன்று வெள்ளை ஒயினும்

ஒரு சொட்டுகூடக் குடிக்காதவனுக்குத் தெரு முழுக்கக் குடிகாரன் என்று பெயர் வாங்கிக் கொடுக்கக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான்: எங்கள் மூக்குக்காரர்.

ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் ஸ்டோர்ஸில் சாமான் எண்ணி முப்பத்தொரு வருடம், அவர் இன்ஸ்பெக்‌ஷன். ஷெட் வாசலில் நின்றபடியே, "நாலாவது மெஷின்ல ஆயில் கெட்டுடுச்சு" என்பார். கெட்டுத்தான் இருக்கும். ஓய்வுக்குப் பின் பக்கத்து வீட்டுக்கே வந்து சேர்ந்தார்.

ஒரு காய்ச்சலில் என் மூக்கு செத்துப்போனது. ஐந்து முறை பால் தீய்ந்தது. ஆறாவது முறை காஸைத் திறந்து விட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரிலிருந்து மகன் பதறினான்.

"தனியா இருந்தது போதும்பா. என் ஃபிளாட்டுக்கு வந்துடுங்க."

பதினான்காவது மாடி! அங்கே நான் எதை எண்ணுவது, மேகத்தையா?

"மூக்கு சரியாயிடுச்சுடா" என்று புளுகினேன்.

"மூக்குக்காரர் அங்கிள் சொல்லட்டும், நம்பறேன்."

அவர் நீட்டிய மல்லிகை, கொய்யா, காபித்தூள் மூன்றுக்கும் டக்டக்கென்று பெயர் சொன்னேன்.

"சார், நீங்க கண்ணால மோந்து பாக்கறீங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு பஸ் ஏற்றி, எல்லை தாண்டி, அத்திப்பள்ளியில் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார். கர்நாடகப் பாட்டில் தமிழ்நாட்டுக்குள் வரக்கூடாதாம். சட்டத்துக்கு அவ்வளவு மரியாதை, எனக்கு மட்டும் இல்லை. மேஜையில் மூன்று கண்ணாடித் தம்ளர். மூன்றிலும் வெளிர் மஞ்சளாக ஒரே நிறத்தில் வெள்ளை ஒயின்.

"ஒரே ஜாதித் திராட்சை சார், மண்ணுதான் வேற. நாசிக்னா பச்சைமிளகா வாசம். நந்திமலைன்னா எலுமிச்சத் தோலு. நியூசிலாந்துன்னா கொய்யா. எது எதுன்னு சொல்லுங்க."

"நான் காபியே அரை டம்ளர் குடிக்கிறவன்யா!"

"குடிக்கச் சொன்னது யாரு? மூக்கை வைங்க."

வைத்தேன். தண்ணீர். தண்ணீர். தண்ணீர்.

"நாசிக்," என்றேன் குத்துமதிப்பாக.

"ரிஜெக்ட்."

"நந்திமலை?"

"ரிஜெக்ட். கண்ணுக்கு இங்க வேலையே இல்ல சார்."

மூன்றையும் கொல்லையில் கொட்டினார். "அண்ணா, என் கருவேப்பிலைச் செடி தள்ளாடுது!" என்று தங்கை கத்தினாள்.

திரும்பும் பஸ்ஸில் ஓர் அம்மாள் என்னைவிட்டு மூன்று சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். சட்டையில் சிந்தியிருந்ததாம். என் அவமானம்கூட எனக்கு மணக்கவில்லை! பால்காரன் தெருவில் நிறுத்திக் கேட்டான்: "பெரியவரே, ஞாயித்துக்கெழமையானா அத்திப்பள்ளியா?"

இப்படிப் பத்து ஞாயிறு. பதினோராவது ஞாயிறு, இரண்டாவது தம்ளரில் ஏதோ மூக்கைச் சுண்டியது. கனிந்து வெடித்த பழம்.

"கொய்யாய்யா!"

அவர் நம்பவில்லை. என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, தம்ளர்களை நான்கு முறை இடம் மாற்றினார். நான்கு முறையும் பிடித்தேன். உடனே என் மகனுக்குப் போன் போட்டார். "தம்பி, அப்பா பாஸ்." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு ஒரு பாராட்டுகூட இல்லை.

என்னை என் வீட்டிலேயே இருக்க வைத்த மனுஷரை, ஆறே மாதத்தில் அவர் மகள் வந்து இரண்டு பெட்டியோடு மைசூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். அவரை எவன் சோதித்தான்? எவன் ரிஜெக்ட் செய்தான்? கேட்க ஆள் இல்லை.

இப்போது எனக்கு எல்லாமே மணக்கிறது. பால், காஸ், நாலு வீடு தள்ளித் தாளிக்கிற கடுகுகூட. பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் வருவதில்லை. தினமும் இரண்டு முறை ஜன்னலில் நின்று மோந்து பார்க்கிறேன். மூக்கில் கோளாறு இல்லை.