ஷட்டர் சாரும் பாதி தூக்கிய ஷட்டரும்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன். புனேயில் மதியம் ஒன்றிலிருந்து நான்கு மணிக்குள் ஒரு மளிகைக் கடையைத் திறக்க வைத்த மனிதர், ஷட்டர் சாரைத் தவிர வேறொருவர் பிறந்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், போபோடியில் எங்கள் மாடியில் குடியிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்; மதியம் அவரே ஸ்டவ் மூட்டுவார். ஒரு காலில் நீலச் செருப்பு, மறுகாலில் பழுப்பு.

"ரெண்டும் செருப்புதானே அக்கா? ஜோடிங்கறதெல்லாம் நம்ம மனசுலதான்."

அவர் ஆராய்ந்தது உடம்புக்குள் இருக்கும் மூன்று புரதங்களை. அண்ணன் தம்பிகள் மாதிரியாம். உடம்பில் ஆயிரம் கடைகள் இருக்கின்றன. எந்தக் கடைக்கு இப்போது வேலை இல்லையோ, அதன் ஷட்டரை இறக்கிவிடுவதுதான் இவர்கள் உத்தியோகம். ஒருவன் இடம் மாறி வேறொருவனோடு ஒட்டிக்கொண்டால் ரத்தப் புற்றுநோய். நான் எதிர்த்துப் பேசாதவள் என்பதால் தினமும் எனக்கே சொல்வார்.

"சார், ரசம் ஆறுது..."

"இருங்கக்கா, பெரியவன் இப்பத்தான் ஷட்டர்ல கை வெச்சிருக்கான்!"

எதிரில், தெருவே காகா (சித்தப்பா) என்று கூப்பிடும் மராத்திக்காரரின் மளிகைக் கடை, பின்கட்டில் வீடு. ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கினால் வானமே இடிந்தாலும் திறக்காது. சாருக்கு எல்லாம் இரண்டு மணிக்குத்தான் ஞாபகம் வரும். தடதடவென்று தட்டுவார். அவர்கள் பேசியது இந்தியில். எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"யாரது?"

"நான்தான் காகா. தீப்பெட்டி வேணும்!"

"நாலு மணிக்கு வாங்க, சாஹேப்!"

"இப்பவே பசிக்குதே!"

"பசியையும் நாலு மணிக்கு வரச் சொல்லுங்க!"

உள்ளே காகாவின் மகள் சுமன் சிரிப்பது தெருவுக்கே கேட்கும்.

ஒரு மழைக்காலத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. காய்ச்சல், உடம்பெல்லாம் கன்றிய நீலம். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற ஏற முடி கொட்டி, பெண் குச்சியாகிவிட்டாள். "மருந்துதான் என் பிள்ளையைத் தின்னுது. வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடறேன்" என்று காகா முடிவு செய்துவிட்டார். அவர் மனைவி என் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.

நானாக மாடியேறி சாரைக் கூப்பிட்டது அன்று ஒருநாள்தான்.

"சார்... உங்க அண்ணன் தம்பிங்க... சுமன் ரத்தத்துல..."

காகாவின் மனைவி கொண்டுவந்திருந்த மருத்துவமனைக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். நேரே போய் ஷட்டரைத் தட்டினார். மணி இரண்டு.

"இன்னைக்குமா, சாஹேப்?" திட்டுவதற்கென்றே காகா கத்திக்கொண்டு திறந்தார்.

"காகா, சாவி வெச்சிருக்கறவன் கடையைத் திறப்பான். நான் ஆராயற அண்ணன் தம்பிகள்ல ஒருத்தன்தான் வாட்ச்மேன், அவன் மூடுவான். சுமனுக்கு ரத்த செல்லுக்குள்ள இருக்கற எட்டாம் நம்பர் மரபணு இழையும் இருபத்தொண்ணாம் நம்பர் இழையும் உடைஞ்சு துண்டு மாத்திக்கிச்சு. அதுல இந்த ரெண்டு பேரும் ஒரே உடம்பா ஒட்டிக்கிட்டாங்க. திறக்கப் போறவன் காலு, மூடறவன் கை. கடைக்குச் சரியாப் போறான். போயி..."

சாரே தடாலென்று ஷட்டரை இழுத்து மூடிக் காட்டினார். காகா உள்ளே!

சார் விடவில்லை; தகரத்தைப் பார்த்தே பேசினார். "ரத்தத்துக் குழந்தைங்க வளந்து பெரியவங்களாகிற கடை அது. அதை மூடிட்டான். வளராத குழந்தைங்க தெரு முழுக்க நெரியுது. நான் டாக்டர் இல்ல காகா, சத்தியம் பண்ண முடியாது. ஆனா மத்ததை விட இந்த வகை மருந்துக்குப் படியும்னு உங்க டாக்டர் சொல்றாரே, அது நிஜம். பாதியில விட்டுடாதீங்க."

மெள்ள மெள்ள ஷட்டர் உயர்ந்தது. காகாவின் கண்ணெல்லாம் ஈரம். கையில் ஒரு தீப்பெட்டி.

"இந்தாங்க" என்றார்.

சுமன் வைத்தியத்தை முடித்தாள். மிகவும் பட்டாள், ஆனால் சிரிப்பு திரும்பி வந்தது. அதன் பிறகு மதிய நேரத்தில் காகாவின் ஷட்டர் முழுசாக இறங்கவே இல்லை. இடுப்பு உயரத்தில் நிற்கும். சார் குனிந்து நுழைவார். அவர் மாற்றலாகிப் போன பிறகும் அப்படியேதான் நின்றது.

எட்டும் இருபத்தொன்றும் சரிதானா, அண்ணன் தம்பிகள் மூவர்தானா என்று படித்தவர்கள் யாராவது சரிபார்த்துவிடுங்கள். செருப்பின் நிறத்தை மட்டும் சரிபார்க்க வேண்டாம். அவர் விட்டுப்போன மிச்ச ஜோடி, ஒரு பழுப்பும் ஒரு நீலமும், எங்கள் மாடிப்படியில்தான் இருக்கிறது. துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.