செத்தவர் பேசும் ஸ்பீக்கர்

செத்தவர்கள் ஸ்பீக்கரில் பேசுகிறார்களாம்! உயிரோடிருப்பவன் பேச்சுக்குக் காது கொடுக்காத ஊர், செத்தவன் பேச்சைக் கேட்க முண்டியடித்து வரிசையில் நின்றது.

மேடையில் ஆளுயர மரப்பெட்டி. பழைய ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயர் வந்தால்தான் அது வாய் திறக்கும், ஊரறிந்த சங்கதி. கூட்டம் தொடங்குமுன், ஆவிகளை அழைக்கும் பெட்டி ஐயா அதன் முதுகைத் திருப்பிக் காட்டுவார். "வயர் இருக்கா? நல்லா தடவிப் பாருங்க!" ஒரு பேராசிரியரும் தடவினார். "விஞ்ஞானத்துக்கு அப்பாற்பட்டது" என்றார். அவர் நடத்தும் பாடம் இயற்பியல். மாணவர்கள் பாவம்.

அன்று ஒரு அக்காவும் தங்கையும் வந்திருந்தார்கள். அக்கா வயிற்றில் கட்டி. மறுநாள் ஆபரேஷன். செத்துப்போன புருஷனைக் கேட்காமல் படுக்கமாட்டேன் என்று அடம்.

"டாக்டர் சொன்னப்புறம் மாமாவை எதுக்குக்கா கேக்கணும்? உயிரோட இருந்தப்ப அவருக்கு ஒரு மாத்திரை பேராவது தெரியுமா?"

"சும்மா இருடி. அவர் வேண்டாம்னா வேண்டாம்தான்."

பெட்டி கரகரத்தது. "தங்கம்... கத்தி வேண்டாம். ஐயா தர்ற தைலமே போதும்..."

அக்கா விம்மி அழுதாள். "கேட்டியா, எப்படி உருகிச் சொல்றார்! நான் ஆஸ்பத்திரிக்கு வரலை."

தங்கை எழுந்தாள். விறுவிறுவென்று மேடையேறிப் பெட்டியின் முதுகில் கை வைத்தாள். சுட்டது.

"ஏன் ஐயா, மாமாவுக்குக் காய்ச்சலா? முதுகு இப்படிக் கொதிக்குது!"

"தொடாதே! பேசும்போது தொட்டா ஆவி கோபிக்கும்!"

"கோபிச்சா என்னை அடிக்கட்டும். வெறும் பெட்டி எதுக்குச் சுடணும்?"

பின்பலகையைப் பிடித்து இழுத்தாள். தினமும் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவதற்காக லேசாகச் செருகியிருந்த பலகை, கையோடு வந்துவிட்டது. உள்ளே சொர்க்கலோகம் தெரிந்தது: ஒரு ஆம்ப்ளிஃபயர் போர்டு, வயர் இல்லாமல் குரலை வாங்கும் ஒரு சின்னக் கருவி, பேட்டரி. வெளியே இருக்கவேண்டிய ஆம்ப்ளிஃபயரை ஐயா உள்ளேயே குடிவைத்துவிட்டார். நம் ஜனங்களோ வெளியே தடவிக்கொண்டிருந்தார்கள்.

பேட்டரி இணைப்பைப் பிடுங்கினாள். பெட்டி அடங்கிவிட்டது. மாமா அடங்கவில்லை! மேடைக்குப் பின்னால் இருந்த அறையிலிருந்து மெலிந்த குரல் தொடர்ந்தது: "...தைலத்தை வேளை தவறாம தடவு, தங்கம்..."

கதவைத் தள்ளினார்கள். காதில் ஹெட்ஃபோன், கையில் மைக், கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தான் பெட்டி ஐயாவின் மச்சான்.

"இவனுக்கா நான் அழுதேன்?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்தாள். "வாடி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நான் வாழணும்."

கூட்டத்தில் ஒருவர் மட்டும் நகராமல் நின்று கேட்டார்: "பெட்டி பொய்தான். தைலமாவது கிடைக்குமா?"

பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்தாயிற்று, பெரியோர்களே. உங்கள் மண்டைக்குள் இருப்பதை எப்போது எடுத்து உபயோகிக்கப் போகிறீர்கள்?