பச்சைக் கதவுக் கடையின் விளம்பரம்

அன்புள்ள சின்னமாமாவுக்கு,

மானின் வாயோரத்தில் பருப்புக்கறி ஒட்டியிருந்தது. நான் முதலில் கண்டது அவ்வளவுதான். சுகம் விசாரிக்காமல் மானில் தொடங்குகிறேன் என்று கோபிக்க வேண்டாம். இங்கே அம்மா சுகம், அப்பா சுகம், தையல் மெசின் மட்டும் இருமிக்கொண்டிருக்கிறது, அங்கே நீங்களும் மாமியும் அந்தக் குளிருக்குள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு “ஓம் மாமா” மட்டும்தான் வருகிறது, இந்தக் கரைச்சல் முழுவதும் அந்த ஓமில்தான் தொடங்கியது. “உன்ர புளொக்கில விளம்பரம் போடுவமே பிள்ளை?” என்றீர்கள், ஓம் என்றேன். “தொடர்புக்கு அம்மான்ட நம்பரைக் குடுக்கட்டே?” என்றீர்கள், அதற்கும் ஓம். ஏலாது என்ற சொல் எனக்கு எழுத வரும், சொல்ல வராது.

பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டதும் இந்த வாயால்தான் என்று உங்களுக்குத் தெரியும். எழும்பி வாசி என்றால் கண் இருட்டிவிடும். ஆனால் வலைப்பூவில் எழுத யாரும் எழும்பச் சொல்வதில்லை. துறைமுகப் பக்கம் தைத்த சட்டைகளைக் கொடுக்கப் போகும்போது வழியில் காணும், ஊருக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்களைப் பற்றி எழுதுகிறேன், எது பஸ் தரிப்பிடத்தில் யாருடைய வாழைப்பழத்தைப் பறித்தது, எது வங்கி வாசலில் படுத்துக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றது, இவ்வளவுதான், அதற்கே எங்கெங்கோ இருந்து ஊர் ஆட்கள் வாசித்துவிட்டு “பிறகு?” என்று கேட்கிறார்கள். என்னிடம் பிறகு என்று கேட்டவர்கள் அதற்கு முதல் யாரும் இல்லை, மாமா.

நீங்கள் விளம்பரத்தைத் திறந்துவிட்ட அன்று, காதறுந்தவள் என்று நான் பெயர் வைத்த பெண்மான் குட்டி போட்டதை எழுதியிருந்தேன். படத்துக்குக் கீழே இறைச்சிக்கறித் தூள் விளம்பரம் வந்து நின்றது. அடுத்த ஒழுங்கையில் இருக்கிற பஹ்மியா உடனே போன் எடுத்தாள். “அடியே, நீ மானைப் பற்றி எழுதுறியா, இல்லாட்டி சமைக்கப் போறியா?” கனடாவில் இருக்கிற ஒருவர் தனக்கு வேட்டைச் சப்பாத்து விளம்பரம் தெரிகிறது என்று எழுதினார். பிறகு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல், என்னை ஐயா என்று அழைத்து, மான் கட்டுரைக்கு நடுவில் சூதாட்டத் தளம் ஒன்றுக்கு ஒரேயொரு வரி சேர்க்கச் சொல்லி. எனக்கு விருப்பமில்லை என்று முழு மரியாதையோடு எழுதினேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று அடுத்த நாள் பதில் வந்தது.

இவற்றையாவது கைபேசிக்குள் அடைத்து வைக்கலாம். அம்மாவின் நம்பரைக் கண்டவர்கள் நேரே வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள், மாமா. அம்மாவுக்கு விளம்பரம் என்றால் என்னவென்று தெரியாது, வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் தெரியும், எல்லோருக்கும் “வாங்கோ, வந்து தேத்தண்ணி குடியுங்கோ” என்கிறார். கூந்தல் எண்ணெய் செய்கிற ஒரு அக்கா வந்து, மானோடு நான் தலைவிரித்து நிற்கிற படம் கேட்டார். அவர் போவதற்கு முன்பே அம்மா போத்தலைத் திறந்து தலையில் வைத்துவிட்டார். கடற்கரை ஹோட்டல்காரர் ஒருவர் தங்கள் தோட்டத்துக்கு மான்கள் கூட்டமாக வருவதாக எழுதச் சொல்லி ஒரு கேக் கொண்டுவந்தார். அந்தத் தோட்டத்தில் மான் என்ன, பூனைகூட இல்லை. நான் அதை யோசித்து முடிப்பதற்குள் அப்பா கேக்கின் கடைசித் துண்டில் இருந்தார். ஆள் வந்தால் நான் குசினிக்குள் போய்விடுவேன், வெளியே வந்து பார்க்கும்போது எதையோ சாப்பிட்டு முடித்திருப்பார்கள், அதற்கு நான் எழுத வேண்டியிருக்கும்.

இருங்கோ மாமா, கேற்றடியில் சத்தம்... இல்லை, மீன்காரர்.

இப்போது பருப்புக்கறிக்கு வருகிறேன். காதறுந்தவளின் வாயோரத்தில் அதைக் கண்டபின் கிட்டப் போய்ப் பார்த்தேன், சோறு கட்டுகிற பிளாஸ்ரிக் தாள், லஞ்ச் சீற் ஒன்று வாயில் தொங்கியது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். மறுமுனை உள்ளே, எங்கேயோ தொண்டைக்குக் கீழே இருந்தது. இழுக்க இழுக்க வந்தது, அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், குட்டியும் பக்கத்தில் நின்றது. அடுத்த நாள் விடிய அவளுக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் கறி ஒட்டிய லஞ்ச் சீற் குவியல், குட்டியும் நக்கப் பழகிவிட்டது. அதைத்தான் ஒரு பந்தியாக எழுதினேன். கடையின் பெயரை எழுதவில்லை, எழுதப் பயம். பச்சைக் கதவுள்ள சாப்பாட்டுக் கடை என்று மட்டும் போட்டேன். மறுநாளே அந்தக் கதவுக்கு நீலப் பெயின்ற் அடித்துவிட்டார்கள். பச்சையாக இருந்தபோது எந்தக் கடை என்று தெரியாதவர்களுக்கும் நீலமானதும் தெரிந்துவிட்டது.

நேற்று மத்தியானம் கடைக்காரர் தவராசா அண்ணை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“அக்கா, கெதியாக் கேற்றைத் திறவுங்கோ, கை சுடுது!”

“ஆரப்பா, சட்டை தைக்கவோ?”

“இல்லை அக்கா, விளம்பரம் போட.” மூன்று புரியாணிப் பார்சலை மேசையில் வைத்தார். “பிள்ளை எங்க? நல்லா எழுதுது, வாசிச்சனான். ஒரு பந்திதான் தொண்டைக்குள்ள முள்ளு மாதிரி நிக்குது.”

முள் யாருடைய தொண்டையில் என்று குசினிக்குள் நின்று நினைத்தேன். நினைக்கத்தான் முடிந்தது.

“அந்தப் பந்தியை எடுத்துப்போட்டு, அதே இடத்தில எங்கட கடைப் பேர் வரவேணும், அக்கா. முதல் வரியில, கொட்டை எழுத்தில. ஊரெல்லாம் வாசிக்க வேணும்.”

அம்மா குசினிக்குள் எட்டிப் பார்த்தார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அம்மா திரும்பி, “தலையாட்டிப்போட்டாள்” என்றார்.

“அப்ப சரி. நாளைக்குப் பின்னேரம் வந்து பாக்கிறன்.”

அவர் ஒழுங்கை திரும்புவதற்குள் அப்பா பார்சலைப் பிரித்துவிட்டார். “கோழி நல்லா அவிஞ்சிருக்கு. குப்பையை எங்க கொட்டினா என்ன, மனுசனுக்குச் சமைக்கத் தெரியும்.” சரி, மறைக்கக் கூடாது, நானும் சாப்பிட்டேன், மாமா. கால் துண்டு. பசி என்று சொல்ல மாட்டேன், வாசம்தான். சாப்பிட்டபின் அந்த லஞ்ச் சீற்றுகளை எறிய மனம் வராமல் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடியில் காயப்போட்டேன். அம்மா கை கழுவிக்கொண்டே சொன்னார்: “சாப்பிட்டது சாப்பிட்டாச்சு. மனுசன்ட பேரைப் போட்டுவிடு பிள்ளை. ஒரு பேர்தானே.”

இரவு முழுக்கப் புரண்டேன். அந்தப் பந்தியை எடுத்தால் குவியல் அப்படியே கிடக்கும், நாளைக்குக் குட்டியின் வாயிலும் நான் இழுக்க வேண்டியிருக்கும். எடுக்காவிட்டால் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால் முடிவெடுத்துவிட்டேன். பந்தியை அழிக்கிறேன். அழித்தபின் மிச்சத்தை எழுத எனக்கு மனம் வராது, ஆகவே வலைப்பூவையும் நீங்களே பூட்டிவிடுங்கோ, திறந்தவர் நீங்கள்தானே. எண்ணெய்க்கார அக்காவுக்கும் ஹோட்டல்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ. எனக்குச் சொல்ல வராது.

மாமியின் முழங்கால் வலி குறையவும், ஐஸ் உறைந்த றோட்டில் நீங்கள் வழுக்காமல் நடக்கவும் பத்திரகாளி அம்மனிடம் கேட்டிருக்கிறேன். அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார். அப்பா புரியாணி ருசி என்று எழுதச் சொன்னார்.

உங்கள் சொல் தட்டாத மருமகள்,
கௌசிகா

பி.கு.: பந்தியை அழிக்கத்தான் திறந்தேன், மாமா. பிறகு அம்மா சொன்னது சரியென்று பட்டது. அவருடைய கோழியைச் சாப்பிட்டுவிட்டு அவர் கேட்டதைச் செய்யாமல் இருப்பது முறையில்லை. பச்சைக் கதவுள்ள சாப்பாட்டுக் கடை என்று இருந்த இடத்தில், முதல் வரியில், கொட்டை எழுத்தில், தவராசா புரியாணி இல்லம் என்று போட்டுவிட்டேன். கதவு இப்போது நீலம் என்பதையும் சேர்த்தேன், தேடி வருகிறவர்கள் அலையக் கூடாது. மற்ற வரிகளில் கைவைக்கவில்லை. நீங்களும் ஒன்றையும் பூட்ட வேண்டாம். வாசலில் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடிக்கிறது, அம்மா கிணற்றடியில் நிற்கிறார். கொடியில் காய்ந்த லஞ்ச் சீற்றுகளை எடுத்து மடித்து, அவரிடமே திருப்பிக் கொடுக்கக் கையில் வைத்திருக்கிறேன். கேற்றைத் திறக்கப் போகிறேன்.